சிக்னலில் மட்டும் ஏறும் முள்: ரேடியேட்டர் ஃபேன் பழுதைத் தேடிப் பிடிப்பது

ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. வடபழனி சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். ஏசியில் வந்த காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூடானது. கேஸ் குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தற்செயலாக மீட்டரைப் பார்த்தால், எப்போதும் நடுவில் அசையாமல் நிற்கும் டெம்பரேச்சர் முள் முக்கால் பங்கைத் தாண்டியிருந்தது. பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, கொஞ்சம் வேகம் பிடித்ததும் முள் தானாக இறங்கிவிட்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த சிக்னல். மறுபடியும் ஏறியது.

நின்றால் ஏறும், ஓடினால் இறங்கும். இந்த ஒரு குணத்தை வைத்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை, அல்லது சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை.

காரணம் எளிது. இன்ஜினின் சூட்டைக் கூலன்ட் எடுத்துக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்று புகுந்து அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே போதும். ஃபேனுக்கு வேலையே இல்லை. வண்டி நின்றுவிட்டால் காற்றை யாராவது இழுத்துத் தர வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஃபேன். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பதால், ஃபேன் படுத்தால் முதலில் புகார் சொல்வது பெரும்பாலும் ஏசிதான். கேஸ் நிரப்பப் போனவர்கள் பலர் உண்மையில் ஃபேன் பார்க்கப் போயிருக்க வேண்டியவர்கள்.

இதற்கு நேரெதிராக, சிக்னலில் ஒழுங்காக நின்றுவிட்டு, நெடுஞ்சாலையில் நூறைத் தொட்டதும் முள் ஏறினால் ஃபேனை விட்டுவிடுங்கள். அது ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கூலன்ட் குறைவு என்று வேறு வழியில் போகும் கதை.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலியே கிடையாது. அம்பாசடரில் ஃபேன் இன்ஜினோடு பெல்ட்டில் கோத்து இருந்தது. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும், அவ்வளவுதான். இன்ஜினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டும் கார்கள் வந்தபோதுதான் சிக்கல். இன்ஜினின் முனை பக்கவாட்டில் திரும்பிவிட்டது, ரேடியேட்டரோ முன்னால் இருக்கிறது. பெல்ட் எங்கே போடுவது? 1959-இல் மினி காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், பெல்ட் ஃபேனை அப்படியே வைத்துக்கொண்டு ரேடியேட்டரையே பக்கவாட்டுக்கு நகர்த்திவிட்டார். மற்றவர்கள் ரேடியேட்டரை முன்னாலேயே விட்டுவிட்டு ஃபேனுக்கு ஒரு மின் மோட்டாரை மாட்டினார்கள். இன்று நம் தெருவில் ஓடும் ஹேட்ச்பேக்குகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். பொலிரோ மாதிரி நீளவாக்கில் இன்ஜின் வைத்த வண்டிகளில் மட்டும் பெல்ட் ஃபேன் இன்னும் உண்டு. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

மின் மோட்டார் வந்ததும் கூடவே ஒரு அதிகாரிகள் வரிசையும் வந்துவிட்டது. கூலன்ட் எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். ஈசியுவின் சின்ன உத்தரவை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்துவிட ஒரு ரிலே. ரிலேவுக்கு முன்னால் காவலுக்கு ஒரு ஃப்யூஸ். பிறகு ஒயர், கனெக்டர், எர்த், கடைசியில் மோட்டார். இதில் எந்த இடத்தில் கோப்பு தேங்கினாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: ஃபேன் சுற்றவில்லை. அதனால்தான் "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்" என்ற வார்த்தையை உடனே நம்பக் கூடாது. மோட்டாரும் போயிருக்கலாம். ஆனால் மேலே இத்தனை பேர் இருக்கும்போது கடைசியில் நிற்பவனை மட்டும் தண்டிப்பது நியாயமில்லை.

எப்போது சுற்ற வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 90 டிகிரிக்குள் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும். ஃபேன் பெரும்பாலான கார்களில் 92 முதல் 100 டிகிரிக்குள் எங்காவது ஆரம்பித்து, ஐந்தாறு டிகிரி இறங்கியதும் நின்றுவிடும். நூறு டிகிரியா, தண்ணீர் கொதித்துவிடாதா என்று கேட்கலாம். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஒரு எண் இருக்கும். உள்ளே அந்த அளவு அழுத்தம் கட்டும்வரை மூடி திறக்காது. 0.9 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே. குக்கர் மாதிரிதான். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் குக்கரை நினைத்தே புரிந்துகொள்ளலாம். அழுத்தம் விடுபட்ட நொடியில் உள்ளே இருப்பது மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது தளர்வாக இருந்தால் மட்டும் மூடியில் கை வையுங்கள்.

கை வைப்பதைப் பற்றி இன்னொன்று. பல கார்களில் ஃபேனுக்கு வரும் மின்சாரம் சாவியைக் கேட்பதில்லை. இன்ஜினை நிறுத்திய பிறகும் சூடு இருந்தால் ஃபேன் திடீரென்று சுற்றும். அருகில் வேலை பார்க்கும்போது பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சோதனைக்காக மின்சாரம் வேண்டிய நேரங்களில் விரல், துண்டு, தொங்கும் சட்டை நுனி எதுவும் இறக்கை பக்கம் போகக் கூடாது.

சரி, தேடலாம்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள், ஒயரை அல்ல

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் அளவு சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டப்பாவில் இருந்து ரேடியேட்டருக்குப் போகும் சின்னக் குழாய் விரிசல் விட்டிருந்தால், டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் காய்ந்துகிடக்கும். மூடியே ரேடியேட்டரில் இல்லாத கார்களில் அழுத்த மூடி அந்த டப்பாவிலேயே இருக்கும். அங்கே அளவுக்கோடு பார்த்தால் போதும்.

ஃபேனுக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? சென்சாரின் மூக்கு கூலன்டில் முங்கியிருந்தால்தான் அதற்குச் சூடு தெரியும். கூலன்ட் குறைந்து சென்சாரைச் சுற்றிக் காற்றும் ஆவியும் நின்றுவிட்டால், இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும்போது சென்சார் "எண்பதுதான், ஒன்றும் அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஈசியுவும் நம்பும். ஃபேன் சுற்றாது. முள்ளும் பல கார்களில் அதே சென்சாரைத்தான் கேட்கிறது என்பதால் அதுவும் சாந்தமாக நிற்கும். ஃபேனில் ஒரு குற்றமும் இல்லாமல் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, போகும் வழி இது. ஃபேன் மோட்டார் புதிதாகப் போட்டும் வண்டி ஹீட் ஆகிறது என்று சொல்பவர்களில் ஒரு பகுதி இந்த ஆட்கள்தான்.

அப்புறம் ஏசி பொத்தான்

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். கருவி எதுவும் தேவையில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து வைத்து, ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி கம்ப்ரஸர் வேலை செய்ய ஆரம்பித்ததும், கூலன்ட் குளிர்ந்திருந்தாலும்கூட, ஃபேன் சுற்றியாக வேண்டும். உடனே இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில்.

ஒரே ஃபேன் உள்ள காரில் ஏசி போட்டதும் அது நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஏசி இல்லாமல் இன்ஜின் சூடாகும்போது சுற்றவில்லை என்றால், மோட்டார் நிரபராதி. கனெக்டர், எர்த் எல்லாம் நிரபராதி. சந்தேகம் வரிசையின் மேல்பக்கம், அதாவது சென்சார் பக்கம் போய்விட்டது. ஏசி போட்டும் அசையவில்லை என்றால் கீழ்பக்கம் பார்க்க வேண்டும்: ஃப்யூஸ், ரிலே, ஒயர், மோட்டார். ஒரு பொத்தானில் வரிசை இரண்டாகப் பிரிந்துவிட்டது.

இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. சில கார்களில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டென்சருக்கு ஒன்று என இரண்டு ஃபேன். ஏசி போட்டால் ஒன்று மட்டும் சுற்றலாம். எது சுற்றியது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது, ஏசியில் கேஸே இல்லை என்றால் கம்ப்ரஸர் ஓடாது, ஃபேனுக்கும் அழைப்பு வராது. அந்தச் சோதனை செல்லாது.

வடபழனியில் இருந்து வீடு வந்து சேர்ந்த அன்று மாலை இதைத்தான் செய்தேன். ஏசி போட்டேன். கம்ப்ரஸர் 'டக்' என்று பிடித்த சத்தம் கேட்டது. ஃபேன் அசையவில்லை.

ரிலேவைக் கழற்றி நடுவில் வெட்டுவது

பானட்டுக்குள் பேட்டரி பக்கத்தில் கறுப்பு டப்பா ஒன்று இருக்கும். மூடியின் உள்புறம் எது எந்த ஃப்யூஸ், எந்த ரிலே என்று படம் இருக்கும். ஃபேன் ஃப்யூஸ் பெரும்பாலும் 30 ஆம்பியர். அதைப் பிடுங்கிப் பாருங்கள். எரிந்திருந்தால் புதிது போடலாம், ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 30 ஆம்பியர் ஃப்யூஸ் சும்மா எரியாது. மோட்டார் இறுகிப்போய் இருக்கலாம், ஒயர் எங்காவது உரசிப் பாடியில் தொட்டிருக்கலாம். 30 நிற்கவில்லை என்று 40 போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃப்யூஸ் எரியாது, நிஜம்தான். அதற்குப் பதில் ஒயர் எரியும்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ரிலே. நான்கு கால் உள்ள சின்ன டப்பா. கால்களுக்கு அருகில் 85, 86, 30, 87 என்று எண்கள் இருக்கும், அல்லது மேலே ஒரு படம் இருக்கும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின் முனைகள். ஈசியு சொல்லும்போது இதில் சிறு கரண்ட் ஓடி, காந்தமாகி, ஒரு தகட்டை இழுக்கும். இழுபட்ட தகடு 30-ஐயும் 87-ஐயும் சேர்க்கும். பேட்டரியின் பெரிய கரண்ட் 30 வழியாக வந்து 87 வழியாக மோட்டாருக்குப் போகும். எளிய சோதனை: அதே டப்பாவில் அதே மாதிரி, அதே எண் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுக்கோ வேறு எதற்கோ இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றி, ஹாரன் அடிக்காமல் போனால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டான்.

'டக்' சத்தம் கேட்கிறது, எனவே ரிலே நல்லது என்று சொல்வது பாதி உண்மை. காயில் வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்தச் சத்தம் சாட்சி. உள்ளே தகடு சேரும் முனை கருகிப்போயிருந்தால் சத்தம் வரும், கரண்ட் போகாது.

அடுத்து, ரிலேவைக் கழற்றிவிட்டு அது உட்கார்ந்திருந்த குழிகளில் 30-க்கும் 87-க்கும் ஒரு தடித்த ஒயரால் பாலம் போடுவது. ஒயரின் நடுவே ஒரு ஃப்யூஸ் கட்டாயம் இருக்கட்டும். எது 30, எது 87 என்று உறுதியாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். தவறான குழியில் பேட்டரி கரண்டைக் கொடுத்தால் ஈசியு போகும், அதன் விலைக்கு ஃபேன் பல வாங்கலாம். சரியான குழிகளில் பாலம் போட்டதும் ஃபேன் சுற்றினால், அங்கிருந்து கீழே எல்லாம் சுகம். ரிலே அல்லது அதற்கு உத்தரவு வரும் பாதையில்தான் கோளாறு. சுற்றவில்லையா, இன்னும் கீழே இறங்குங்கள்.

என் காரில் சுற்றவில்லை.

உருகிய கனெக்டர், அதை நம்பிய நான்

மறுநாள் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மோட்டார், இறக்கை, சட்டம் எல்லாம் சேர்த்து முழு செட்டாக மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், ஒயரிங் மட்டும் பார்ப்பவர். "அண்ணே, மோட்டார் போச்சுன்னு சொல்றாங்க, ஒரு தடவை பாருங்களேன்" என்றேன். அவர் மீட்டரை எடுக்கவில்லை. இரண்டு ஒயர் வைத்த ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை எடுத்தார். மோட்டாருக்குப் போகும் இரண்டு கால் கனெக்டரை இழுத்தார், வரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்ததும் ஒரு பக்கம் பழுப்பாகிக் கேரமல் போல உருகி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் பிய்ந்துகொண்டு வந்தது. "மோட்டார் என்ன தம்பி பண்ணும், அதுக்குச் சோறே போகல" என்றார்.

அந்தப் பல்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மல்டிமீட்டர் மிக மெல்லிய கரண்டை மட்டுமே இழுக்கும். ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், கனெக்டர் முக்கால்வாசி கருகியிருந்தாலும், மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். அதை நம்பி மோட்டாரைக் குறை சொல்வோம். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். பாதை சரியில்லை என்றால் பல்பு மங்கும் அல்லது எரியவே எரியாது. மீட்டரை வைத்துத்தான் பார்ப்பேன் என்றால், ஃபேன் சுற்றும்போது பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு குச்சி, மோட்டாரின் பாசிட்டிவ் ஒயரில் இன்னொன்று. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ மின்சாரம் தின்னப்படுகிறது. நெகட்டிவ் பக்கமும் அதேபோல் ஒருமுறை. எர்த் போல்ட்டில் துரு ஏறிய கார்களுக்கு, அதுவும் கடற்கரைப் பக்கம் நிற்கும் கார்களுக்கு, இந்த இரண்டாவது சோதனைதான் பதில் சொல்லும்.

புதிய கனெக்டரை ஒயரோடு சேர்த்து வாங்கி, நன்றாக முறுக்கி, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் குழாய் மாட்டி முடித்தார். ஃபேன் சுற்றியது. சந்தோஷமாக வந்துவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அதே கனெக்டர் அதே இடத்தில் உருகியது.

கனெக்டர் தானாக உருகுவதில்லை என்பதை அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். சின்ன ஹேட்ச்பேக்கின் ஃபேன் மோட்டார் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். டிசி பார்க்கும் கிளாம்ப் மீட்டரை ஒயரைச் சுற்றி மாட்டிப் பார்த்தபோது என் மோட்டார் 17 இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து, மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சர் ஒரு பக்கம் உரசிக்கொண்டு சுற்றியிருக்கிறது. கஷ்டப்பட்டுச் சுற்றும் மோட்டார் கூடுதல் கரண்ட் கேட்கும். அந்தக் கரண்ட் வரிசையில் எது பலவீனமோ அதைச் சுடும். சில கார்களில் ரிலே கருகும், சிலவற்றில் ஃப்யூஸ் உட்காரும் இடம் உருகும், என் காரில் கனெக்டர். மோட்டார் போச்சு என்று முதலில் சொன்ன பட்டறை பாதி சரி. எலக்ட்ரீஷியன் அண்ணன் பாதி சரி. அதனால் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: கருகிய எதையாவது மாற்றினால், மாற்றிய கையோடு ஆம்பியர் பார்த்துவிட்டு வாருங்கள்.

மோட்டாரைத் தனியாகச் சோதிப்பது

கனெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வைத்த இரண்டு ஒயரை நேரடியாக மோட்டாரின் இரண்டு கால்களுக்குக் கொடுக்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக் கூடாது. மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இரண்டு ஒயர் உள்ள சாதாரண மோட்டாருக்கு மட்டும் இது பொருந்தும். மூன்று, நான்கு ஒயர்கள் போனால் அது இரு வேக மோட்டாராகவோ, உள்ளேயே கட்டுப்பாட்டு சர்க்யூட் வைத்த மோட்டாராகவோ இருக்கலாம். அதில் பேட்டரியை நேராகக் கொடுத்து விளையாட வேண்டாம்.

நேரடியாகக் கொடுத்தும் சுற்றவில்லை என்றால், மோட்டாரின் முதுகில் ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் உயிர் வந்து சுற்ற ஆரம்பித்தால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. உள்ளே இரண்டு கார்பன் துண்டுகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஆர்மேச்சரின் செம்பு வளையத்தைத் தொட்டபடி நிற்கும். தேயத் தேயக் குட்டையாகி, ஒருநாள் ஸ்பிரிங் எட்டாமல் போகும். தட்டும்போது மயிரிழை அளவு நகர்ந்து தொடும், சுற்றும். இது குணமல்ல, எச்சரிக்கை. அடுத்த முறை நடு ரோட்டில் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பிரஷ் மாற்றுவது பழைய கை வேலை. சில மோட்டார்களில் மூடியை மடித்த தகடுகள் பிடித்திருக்கும், நிமிர்த்திக் கழற்றலாம். அதே அளவு பிரஷ் கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரியதை வாங்கித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். செம்பு வளையத்தை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, துண்டுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளங்களில் அடைந்த கார்பன் தூளை ஊசியால் கீறி எடுக்க வேண்டும். வளையத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, அச்சை மேலும் கீழும் ஆட்டும்போது 'கட கட' என்று ஆடினாலோ பிரஷ் போட்டுப் பயனில்லை. என் மோட்டார் இரண்டிலும் தோற்றது.

புதியது வாங்குவதா, புதுப்பேட்டைக்குப் போவதா என்பது அவரவர் பை. எழும்பூர் பக்கத்தில் இருக்கும் அந்தச் சந்துகளில் பழைய கார்களில் இருந்து கழற்றிய மோட்டார்கள் குவிந்துகிடக்கும். வாங்கினால் கடையிலேயே பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள், அச்சின் ஆட்டம் பாருங்கள், சுற்றும் திசை பாருங்கள், உங்கள் இறக்கை அதில் உட்காருமா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள். நான் புதியதாக வாங்கினேன். புஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரியாத ஒரு மோட்டாரால்தான் இவ்வளவு அலைந்தேன், இன்னொன்றை வாங்கி வர மனம் வரவில்லை. மாட்டும்போது ஒரு விஷயம்: இறக்கையைப் பிடிக்கும் நட்டு சில மோட்டார்களில் வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருகிக் கழற்றும்படி இருக்கும். வராத நட்டை வலுவாகத் திருகும் முன் மறுபக்கமும் ஒருமுறை முயலுங்கள். இறக்கையில் ஒரு இதழ் உடைந்திருந்தால் ஒட்டாதீர்கள். எடை மாறிய இறக்கை அதிர்ந்து அதிர்ந்து புதிய புஷ்ஷையும் தின்றுவிடும்.

உத்தரவு வராதபோது

ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சென்சார் பக்கம் வாருங்கள். பழைய கார்ப்புரேட்டர் கார்களில் இது வெறும் சூட்டு சுவிட்ச்தான். சூடானால் உள்ளே சேரும். இப்போதைய கார்களில் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் சென்சார். பல ஜப்பானிய வகைக் கார்களில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரிக்கு வரும்போது முந்நூறு சொச்சம் ஓமுக்கு இறங்கிவிடும். சென்சாரைக் கழற்றி, வெந்நீரில் மூக்கை மட்டும் விட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரும் மீட்டரும் வைத்தால் சமையலறையிலேயே பார்த்துவிடலாம். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கழற்றாமல் ஒரு வழி: சென்சாரின் கனெக்டரை மட்டும் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். பல கார்களில் ஈசியு பயந்துபோய் ஃபேனை நிரந்தரமாகப் போட்டுவிடும். அப்படிச் சுற்றினால் ஈசியுவும் ரிலேவும் மோட்டாரும் நல்லவை. சென்சாரைத்தான் பார்க்க வேண்டும். செக் இன்ஜின் விளக்கு எரியும், பயப்பட வேண்டாம், ஈசியுவில் பதிவாகும் பிழை எண்ணை அழித்துவிடலாம். ஈசியு சொல்வதைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவி இருந்தால் இன்னும் நல்லது. பி0117, பி0118 என்றால் சென்சார் சுற்று, பி0480 என்றால் ஃபேன் ரிலேவைக் கட்டுப்படுத்தும் சுற்று. ஆனால் எனக்கு அந்த எண்களைவிடப் பிடித்தது அதில் நேரடியாகத் தெரியும் டிகிரிதான். டேஷ்போர்டு முள் ஒரு சோம்பேறி. பயமுறுத்தக் கூடாது என்று வேண்டுமென்றே நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். 85-இலும் நடுவில், 100-இலும் ஏறக்குறைய நடுவில். அது நகர ஆரம்பித்தால் விஷயம் ஏற்கெனவே கை மீறிக்கொண்டிருக்கிறது. முள்ளே இல்லாமல் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள கார்களுக்கு இந்தக் கருவி இன்னும் அவசியம்.

இரண்டு வேகம் உள்ள ஃபேனில் தனி நோய் ஒன்று வரும். குறைந்த வேகத்துக்கு நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஃபேன் சட்டத்திலேயே காற்று படும் இடத்தில். அது எரிந்துவிட்டால் குறைந்த வேகம் போய்விடும், அதிக வேகம் மட்டும் இருக்கும். முள் மெல்ல ஏறும், திடீரென்று விமானம் கிளம்புவது போல ஃபேன் அலறும், முள் இறங்கும், மறுபடி அமைதி. இதைப் பலர் 'ஃபேன் நல்லாத்தான் சுத்துது' என்று விட்டுவிடுகிறார்கள்.

ஃபேன் உண்மையிலேயே சுற்றுகிறது, ஆனாலும் சிக்னலில் சூடாகிறது என்றால் ஒரு செய்தித்தாள் துண்டு போதும். ஃபேன் சுற்றும்போது முன்பக்க கிரில்லுக்குள் கண்டென்சரின் மேல் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இழுக்கிறது. வழுக்கி விழுந்தால் மோட்டார் சோர்ந்துவிட்டது, அல்லது தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைந்திருக்கிறது, அல்லது ஃபேனைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் சட்டம் உடைந்து காற்று ஓரத்தில் திரும்பி ஓடுகிறது. தாளைத் தள்ளிவிட்டால் யாரோ பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

டைரக்ட் என்னும் மருந்து

தேடும் பொறுமை இல்லாதவர்கள் கொடுக்கும் ஒரு மருந்து உண்டு: "டைரக்ட் கொடுத்துடலாம் சார்." சாவி போட்டால் ஃபேன் சுற்றும், சாவி எடுத்தால் நிற்கும். ஊருக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டால், ஃப்யூஸும் ரிலேவும் வைத்துச் செய்தால், ஒப்புக்கொள்வேன். வீடு வந்ததும் எடுத்துவிட வேண்டும். அப்படியே வருடக்கணக்கில் ஓட்டினால் மோட்டார் தேவையில்லாமல் எந்நேரமும் தேயும், ரிலே இல்லாமல் சாவி சுவிட்ச் வழியாகவே கொடுத்திருந்தால் அதுவும் கருகும், முக்கியமாக சென்சார் கெட்டிருப்பது யாருக்கும் தெரியாமல் போகும். அதே சென்சாரைக் கேட்டுத்தான் ஈசியு பெட்ரோலும் விடுகிறது. இதோடு சேர்த்து தெர்மோஸ்டாட் வால்வையும் பிடுங்கிப் போடுவது நம் ஊர்ப் பழக்கம். 'நம்ம வெயிலுக்கு அது எதுக்கு' என்பார்கள். இன்ஜின் தன் சூட்டுக்கு வந்து சேரவே நெடுநேரம் ஆகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

வழியில் முள் ஏறிவிட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோயரை முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். மே மாதத்தில் அது நரகம்தான், ஆனால் ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் கோணிக்கொண்டால் ஃபேன் செலவெல்லாம் செலவே இல்லை என்று தோன்றும்.

புதிய மோட்டார் மாட்டிய அன்று மாலை, ரேடியேட்டரை நிரப்பி, காற்று வெளியேற விட்டு, மூடியை மூடி, ஏசி போடாமல் வாசலில் இன்ஜினை ஓடவிட்டேன். ஓபிடியில் டிகிரி மெதுவாக ஏறியது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். 96-இல் ஃபேன் ஆரம்பித்தது. கிளாம்ப் மீட்டர் 9.5 என்று காட்டியது. 91-இல் தானாக நின்றது. மறுபடி 96, மறுபடி சுற்றல். இரண்டாவது முறையும் தானாக நின்ற பிறகுதான் பானட்டை மூடினேன்.